“ஒரே வருடத்தில் எம்பிஏ ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட்” என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மார்த்தாண்டத்தில் ஒரு மாடியில் நடக்கும் ஸ்டடி சென்டரில் எம்பிஏ ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் படிக்க 48,000 ரூபாய் கட்டினேன். படிப்பும் கிடைக்கவில்லை, பட்டமும் இல்லை, பணத்தில் பெரும்பகுதி இன்னும் வரவில்லை. போலீஸில் மனு நிலுவையில் இருப்பதால் சென்டரின் பெயரை இங்கே போடவில்லை. அவர்கள் செய்த விதத்தைச் சொல்கிறேன். நம் மாவட்டத்து நர்ஸுகள், லேப் டெக்னீஷியன்கள், பில்லிங்கில் இருக்கும் பிள்ளைகள், கல்ஃபுக்குப் போக நினைப்பவர்கள் இவர்கள்தான் அவர்களுக்குக் குறி.

நான் நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு வருகிறவர்களுக்கு ப்ரீ-ஆத் (சிகிச்சைக்கு முன் காப்பீட்டு நிறுவனத்திடம் அனுமதி கேட்பது) போடுவது, அந்த நிறுவனத்திலிருந்து கேள்வி வந்தால் பதில் அனுப்புவது, டிஸ்சார்ஜ் ஆனதும் க்ளெய்ம் ஏற்றுவது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை என்று திட்டம் சொல்கிறது. ஆனாலும் அட்மிஷனுக்கு முந்தைய செலவுக்கே நகையை அடகு வைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு ஆபரேஷனுக்கு இவ்வளவுதான் என்று பேக்கேஜ் விலையை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? அட்டை இருந்தும் கைக்காசு ஏன் கரைகிறது? இதையெல்லாம் முறையாகப் படிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் போனேன். “சுகாதாரக் கொள்கையும் ஒரு பேப்பர்” என்று அவர்கள் நோட்டீஸிலேயே இருந்தது.

உள்ளே இருந்தவர் நல்ல மனிதர் போலவே பேசினார். “ஒண்ணும் பயப்படாண்டாம் மக்களே, எல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம். வேலைய விடாண்டாம், லீவும் போடாண்டாம்.” வடநாட்டில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னார். அந்தப் பல்கலைக்கழகம் உண்மையிலேயே இருக்கிறது, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலிலும் இருக்கிறது. மோசடியின் சாமர்த்தியமே இங்கேதான். போலிப் பல்கலைக்கழகம் என்றால் யுஜிசி வெளியிடும் போலிகள் பட்டியலைப் பார்த்தே ஒதுங்கிவிடலாம். உண்மையான பல்கலைக்கழகத்தின் பெயரை, அதற்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் விற்றால் அந்தப் பட்டியல் உதவாது.

சேரும்போதே பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி என எல்லா ஒரிஜினலையும் “வெரிஃபிகேஷனுக்கு” என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். பணம் கூகுள் பேயில் ஒரு தனி நபரின் எண்ணுக்குப் போனது. ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை, சென்டரின் முத்திரை மட்டும் இருந்தது.

அப்புறம் நோட்ஸ் வந்தது. மங்கிப்போன ஜெராக்ஸ் கட்டு. சுகாதாரக் கொள்கைப் பகுதியில் ஆரம்ப சுகாதாரம் பற்றிய 1978 அல்மா-ஆட்டா உலகப் பிரகடனம் ஒரு பக்கம், 1983 தேசிய சுகாதாரக் கொள்கை ஒரு பக்கம், 2002 கொள்கை அரைப் பக்கம். அத்தோடு முடிந்தது. 2017-இல் புதிய தேசியக் கொள்கை வந்ததும், அரசின் சுகாதாரச் செலவை 2025-க்குள் ஜிடிபியில் 2.5 சதவீதமாக்குவது அதன் இலக்கு என்பதும் அதில் ஒரு வரிகூட இல்லை. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் சுகாதாரத் திட்டம் இல்லை. நான் தினமும் கையாளும் காப்பீட்டைப் பற்றியே ஒரு வார்த்தை இல்லாத நோட்ஸை வைத்துக்கொண்டு என்ன படிப்பது? வகுப்பு எப்போது என்று கேட்டால் “ஆன்லைன் லிங்க் வரும்” என்பார்கள். வரவே இல்லை. தேர்வு சென்டரிலேயே, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவதாம்.

எனக்குச் சந்தேகம் உறுதியானது இரண்டு விஷயங்களில். ஒன்று, டெப் ஐடி. தொலைதூர, ஆன்லைன் படிப்பில் சேரும் இந்திய மாணவர்கள் யுஜிசி தளத்தில் தாங்களே பதிந்து டெப் ஐடி என்ற அடையாள எண் எடுக்க வேண்டும் என்ற நடைமுறை 2024-இல் வந்தது. என்னுடையது ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். “உங்களைப் பழைய செஷன்ல போட்டிருக்கோம், அதனால தேவையில்ல” என்றார். அதாவது நான் சேர்வதற்கு முன்பே படித்ததாகக் கணக்கு. “ஒரே வருடத்தில்” என்பதன் ரகசியம் இதுதான். இரண்டாவது, மார்க் ஷீட். நான் அவர்கள் படியை மிதிப்பதற்கு முந்தைய வருடத்துத் தேதியில் முதல் செமஸ்டர் தேர்ச்சி என்று வந்தது. அந்தத் தேதியில் நான் ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்திருப்பேன்.

அதை வாங்க மறுத்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு மெயில் போட்டேன். அந்தப் பதிவெண்ணில் யாரும் இல்லை, தமிழ்நாட்டில் எங்களுக்கு ஸ்டடி சென்டரே கிடையாது என்று பதில் வந்தது. சென்டரில் காட்டியதும் முகம் மாறிவிட்டது. மீதி ஃபீஸையும் கட்டினால்தான் ஒரிஜினல் கிடைக்கும் என்றார்கள்.

இந்த மாதிரி மார்க் ஷீட்டை வைத்து வேலைக்குச் சேர்ந்தால், விசாரணை வரும்போது சென்டர்காரர் இருக்க மாட்டார். போலிச் சான்றிதழ் கொடுத்த வழக்கு நம் மேல்தான் வரும். கல்ஃபுக்காக அட்டெஸ்டேஷன் (சான்றிதழுக்கு அரசு அத்தாட்சி வாங்குவது) செய்யப் போனால் சான்றிதழின் உண்மைத்தன்மையை அங்கேயே சோதிப்பார்கள். அங்கே மாட்டினால் நம் உண்மையான நர்சிங் படிப்பையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். “அட்டெஸ்டேஷனும் நாங்களே முடித்துத் தருகிறோம்” என்று சொல்லும் இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள்.

தொலைதூரப் படிப்பே மோசம் என்று நான் சொல்லவில்லை. முறைப்படி அனுமதி பெற்ற தொலைதூரப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்றுதான் 2020 யுஜிசி விதிமுறைகள் சொல்கின்றன. பார்க்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டுமல்ல. அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்த வருடத்துக்கு, அந்த முறைக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவுத் தளத்தில் பார்க்க வேண்டும். வேறு மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் இங்கே மாடி அறையில் கிளை போட்டுத் தொலைதூரப் படிப்பு நடத்த முடியாது. தன் பெயரில் படிப்பு நடத்த வேறொருவருக்கு ஃப்ராஞ்சைஸ் கொடுக்கவும் அனுமதி இல்லை. ஃபீஸ் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று கல்வி நிறுவனங்களுக்கே 2018-இல் யுஜிசி சொல்லியிருக்கிறது. நடுவில் இருக்கும் ஏஜென்ட்டுக்கு எந்த உரிமை?

எனக்கு மிகவும் வலிப்பது, நல்ல படிப்பு நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பதுதான். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பை நடத்துகிறது. நாகர்கோவிலில் ரயில் ஏறினால் போய்ச் சேரக்கூடிய ஊர். சென்னையில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், புதுச்சேரியில் ஜிப்மர், மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று இடங்கள் இருக்கின்றன. டாட்டா நிறுவனத்தில் மருத்துவமனை நிர்வாகத்துக்கே தனி முதுகலைப் படிப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் தேர்வும் தகுதி விதிகளும் உண்டு, இடமும் குறைவு. வேலையை விட்டுவிட்டுப் போக எல்லோராலும் முடியாது என்பதும் தெரியும். அந்தக் கஷ்டத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

ஏற்கெனவே ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுத்துவிட்டு மாட்டியிருப்பவர்கள், மீதிப் பணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ரசீது, பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, பல்கலைக்கழகத்தின் பதில் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துக் காவல் நிலையத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். “பேசித் தீர்த்துக்கோங்க” என்று அனுப்பினாலும் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். அங்கே மறுத்தால் நாகர்கோவில் எஸ்பி அலுவலகத்தில் கொடுங்கள். அந்த ரசீதின் நகலைப் பார்த்த பிறகுதான் சென்டர்காரர் என் ஒரிஜினல்களை எடுத்துத் தந்தார்.