மொரீசியஸில் வாடகைக் கார் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடியிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். நாங்கள் இருப்பது மொரீசியஸில், ரோஸ்ஹில் ஊரில். எங்களிடம் சொந்தக் கார் கிடையாது. தீவு சின்னதுதான், நீளம் 65 கிலோமீட்டர், அகலம் 45 இருக்கும். மூன்று நாள் கார் எடுத்தால் கடற்கரையோரமாகவே ஒரு சுற்று வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

கம்பெனிகளில் நாளுக்கு 1,600 மொரீசியஸ் ரூபாய் கேட்டார்கள். ஃபேஸ்புக்கில் ஒருவர் 900க்குத் தருகிறேன் என்றார். மிச்சமாகும் 2,100 ஷமரேல் ஏழு வண்ண மண்மேட்டைப் பார்க்கும் டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகுமே என்று ஒத்துக்கொண்டேன்.

இரவு எட்டு மணிக்கு ஒரு பெட்ரோல் பங்கில் வைத்துச் சாவியைக் கொடுத்தார். டெபாசிட் 10,000, ரொக்கமாக. ரசீது கேட்டேன். "நானும் தமிழன்தான், வருஷா வருஷம் காவடி எடுக்கிறவன், உங்களிடம் போய்ப் பொய் சொல்வேனா?" என்று இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் சொன்னார். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

முதல் நாள் தென்கிழக்குக் கரையில் மஹேபூர் ஊர், அப்புறம் தெற்கே கிரி கிரி கடற்கரை. அங்கே பவளப்பாறைத் தடுப்பு இல்லாததால் அலை நேராகப் பாறையில் வந்து அடிக்கும். அத்தை அரை மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட்டே கிடையாது. அவ்வளவு நல்ல நாள் அது.

மறுநாள் பே து காப் என்ற கடலோரக் கிராமம் தாண்டி, மக்கோந்தே பாறையைச் சுற்றிச் சாலை வளைகிற இடத்தில் டயர் வெடித்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை. கார் கொடுத்தவர் போனை எடுக்கவே இல்லை. உதவிக்கு வந்த மீனவர் ஒருவர் நம்பர் பிளேட்டைக் காட்டித் தலையை ஆட்டினார். கறுப்பு பிளேட். இங்கே வாடகைக்கு விட லைசென்ஸ் உள்ள காருக்கு மஞ்சள் பிளேட்தான் இருக்கும். கறுப்பு என்றால் சொந்த உபயோகத்துக்கான கார். அதை வாடகைக்கு எடுத்து எங்காவது மோதினால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். மாமாவுக்கு இதய நோய் உண்டு. அவரை உட்கார வைத்து அந்தக் காரை இரண்டு நாள் ஓட்டியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் நடுங்குகிறது.

டயர் செலவு 2,500. திருப்பிக் கொடுக்கும்போது கதவின் அடியில் ஒரு கீறலைக் காட்டி, டெபாசிட் கிடையாது என்றார். குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன், கீறலுக்குள் துரு ஏறியிருந்தது. இரண்டே நாளில் அப்படித் துரு ஏறுமா? சொல்லிப் பார்த்தேன், கத்தினேன். என் கையில் ஒரு காகிதமும் இல்லை, சாவி வாங்கும்போது எடுத்த போட்டோவும் இல்லை. போலீசில் எதைக் காட்டுவது?

தயவுசெய்து பகல் வெளிச்சத்தில் கார் எடுங்கள். பிளேட் மஞ்சளா என்று பாருங்கள். நான்கு பக்கமும், கதவுக்கு அடியிலும் வீடியோ எடுங்கள். ஸ்டெப்னியைக் கண்ணால் பாருங்கள். ஒப்பந்தத்தில் டெபாசிட் தொகையை எழுதி வாங்குங்கள், ஆள் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தக் கோயில் என்றாலும்.

கிழக்குக் கரையை மாமா பார்க்காமலே ஊருக்குப் போய்விட்டார்.