சிடியா, எம்ஆர்ஐயா? முதலில் எது?

நம் ஊரில் எல்லாமே 'ஸ்கேன்'தான். கர்ப்பிணிக்கு எடுப்பதும் ஸ்கேன், தலையில் அடிபட்டவருக்கு எடுப்பதும் ஸ்கேன். வெள்ளைக் கோட்டு போட்ட முதல் மாதத்தில் எனக்கும் ஒரு நினைப்பு இருந்தது: எம்ஆர்ஐ விலை அதிகம், ஆகவே அதுதான் நல்லது.

வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்து ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததா, வெடித்ததா? அடைப்பு என்றால், பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். வெடிப்பு என்றால் அதே ஊசி உயிரைக் குடித்துவிடும்.

இங்கே சிடிதான் முதலில். சுற்றிச் சுற்றி எக்ஸ்ரே பாய்ச்சி, கணினியில் குறுக்குவெட்டாகக் கட்டிய படம் அது. ஒரு பொருள் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் காற்று -1000, தண்ணீர் 0, மூளை ஏறக்குறைய 30 முதல் 40. புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் அதைத் தாண்டுவதால் வெள்ளையாகப் பளிச்சிடும். படம் எடுக்கச் சில நொடிகள் போதும்.

வேடிக்கை என்னவென்றால், அடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் சிடி பெரும்பாலும் சாதாரணமாகவே தெரியும். 'சிடி நார்மல்' என்றால் பக்கவாதம் இல்லை என்று அர்த்தமல்ல. ரத்தக்கசிவு தெரியவில்லை, அவ்வளவுதான். மாணவர்கள் சறுக்கும் இடம் இது.

எம்ஆர்ஐ வலுவான காந்தத்தால் எடுக்கும் படம். அது பார்ப்பது உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனை. டிஃப்யூஷன் என்ற வகைப் படத்தில், அடைப்பால் நீரின் நடமாட்டம் முடங்கிய இடம் சீக்கிரமே வெள்ளையாக மின்னும். சரி, அப்புறம் ஏன் அதையே முதலில் எடுப்பதில்லை? முழுப் பரிசோதனைக்கு இருபது முப்பது நிமிடம் ஆடாமல் படுக்க வேண்டும். பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் இரும்பு ஏதும் உண்டா என்று விசாரிக்க வேண்டும். நோயாளிக்கோ பேச்சே வராது. 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) காந்தத்துக்கு ஓய்வும் கிடையாது. படம் எடுக்காத நேரத்திலும் ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொள்ளும்.

கதிர்வீச்சுக் கணக்கில் எம்ஆர்ஐக்குத்தான் வெற்றி. தலை சிடிக்கு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே ஓராண்டில் நமக்குச் சராசரியாக 2.4 வருகிறது. எம்ஆர்ஐக்குச் சுழியம். முழங்கால் தசைநார் கிழிந்திருந்தால் யோசிக்காமல் எம்ஆர்ஐதான்.

பித்தப்பைக் கல்லுக்கு இரண்டுமே முதல் தேர்வல்ல. சிடியில் பல கற்கள் கண்ணில் படாமலே போகும். வயிற்றில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் பாருங்கள்: கல் வெள்ளையாக, பின்னால் கருநிழலோடு நிற்கும். நோயாளியைப் புரண்டு படுக்கச் சொன்னால், பெரும்பாலும் கல்லும் கூடவே உருளும்.