‘குளிருக்குப் பழக்கின மீன்’ என்று சொன்னால் முதலில் கடைத் தொட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள்

நாங்கள் இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவுக்குக் கிட்ட உள்ள நானுஓயா பக்கம். இந்தப் பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி டவுனில் ஒரு மீன் கடையில் நன்றாக ஏமாந்தேன். கடைப் பெயரைப் போடவில்லை, ஆனால் குளிர் ஊர்களில் இருக்கிறவர்களுக்கு இதே வசனத்தைச் சொல்லி யாரும் விற்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

மகன் புலமைப்பரிசில் பாஸானால் மீன் தொட்டி என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். பயல் பாஸாகிவிட்டான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி, ஸ்பொஞ்ச் ஃபில்டர், கல், லைட், கூடவே தண்ணீரில் குளோரினை எடுக்கிற மருந்து ஒரு போத்தல். எங்கள் வீட்டுக்கு வருவது பீலித் தண்ணீர், மலை ஊற்றிலிருந்து நேரே வருவது, அதில் குளோரினுக்கு எங்கே போவது? அது அப்போது மண்டையில் ஏறவில்லை.

மீனைப் பிடிக்கும்போது, "ஹீட்டர் வேண்டாமா அண்ணன்?" என்று நானே கேட்டேன். "தேவையே இல்ல தம்பி, இது நம்ம குளிருக்குப் பழக்கின மீன், மூணு மாசமா இங்கதான் கிடக்குது" என்றார். கார்டினல் டெட்ரா என்கிற சின்ன வண்ண மீன் என்று சொல்லி ஒன்று 250 ரூபாய்ப்படி பன்னிரண்டைப் பையில் போட்டார். தொட்டியை இன்றைக்கே நிரப்பி இன்றைக்கே விடலாமாம்.

வந்த அன்றே நிறம் வெளுத்து அடியில் போய்க் கிடந்தன. இந்த மீன்கள் இருட்டில் தூங்கும்போது நிறம் மங்குவது வழக்கம்தான், அதனால் தூங்குகின்றன என்று மகனைத் தேற்றினேன், என்னையும் சேர்த்து. மூன்றாம் நாள் உடம்பெல்லாம் ரவை தூவினது மாதிரி வெள்ளைப் புள்ளி. கடைக்கு ஓடினால் நீல மருந்து ஒன்றை 450 ரூபாய்க்குக் கொடுத்து, ஒரு மூடி ஊற்று, ஒரே நாளில் சரியாகிவிடும் என்றார். ஒரு நாளில் சரியாகிற நோயே இல்லை இது. அந்தப் புள்ளி ஒரு ஒட்டுண்ணி, தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது, வெளியே வந்து பெருகி நீந்துகிற நேரத்தில்தான் சாகும். தண்ணீர் குளிராக இருந்தால் அந்தச் சுற்று இன்னும் மெதுவாக நடக்கும், மருந்தும் அத்தனை நாள் தொடர வேண்டும். ஆறாம் நாள் ஒன்பது மீன் போய்விட்டது.

அன்று மச்சான் ஒரு தெர்மோமீட்டர் கொண்டுவந்து விட்டார். காலை ஆறு மணிக்குத் தொட்டித் தண்ணீர் 15 பாகை. "மனுசனுக்கே ரெண்டு கம்பளி வேணும், இதுகள உரிச்ச கோழி மாதிரி தண்ணியில விட்டிருக்கே" என்று அம்மா வேறு. மச்சான்தான் இன்னொன்றையும் காட்டினார்: கார்டினலுக்குச் சிவப்புக் கோடு தலைப்பக்கத்திலிருந்து வால் வரை ஓடும், நம்மிடம் இருந்தவற்றுக்குப் பாதி உடம்பிலிருந்துதான் சிவப்பு. அது நியோன் டெட்ரா, வேறு மீன். கண்டியில் அதை 100 ரூபாய்க்குக் கேட்டு வாங்கியிருக்கிறாராம்.

திரும்பவும் போனேன். கடைக்காரர் வேறு ஆளுடன் பேசிக்கொண்டிருந்தார், என் மீனை அள்ளின அதே தொட்டிக்குள் கையை விட்டேன். பிள்ளை குளிக்கலாம் போல வெதுவெதுப்பு. பின்னால் ஒட்டியிருந்த கறுப்புத் தாளை விலக்கினால் ஹீட்டர், சிவப்பு லைட் எரிகிறது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. தெரியாமல் சொல்லவில்லை, தன் மீனுக்குச் சூடு போட்டுக்கொண்டு எனக்கு வேண்டாம் என்றிருக்கிறார். கேட்டதற்கு, "அது நேத்து வந்த மீனுக்குப் போட்டது, ஒங்க தண்ணி பிழை" என்றார். காசு திருப்பிக் கேட்டால் பில் எங்கே என்கிறார். பில் தரவே இல்லையே! நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம் என்று சொன்னார்கள், கையில் ஒரு துண்டும் இல்லாமல் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள், தொட்டி, மீனின் பெயர், விலை எல்லாம் எழுதி பில் வாங்குங்கள்.

அவர் சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். நியோனுக்கு 20க்குக் கீழே தண்ணீர் போகக் கூடாது, 24 பக்கம் வைத்தால் நிம்மதி. எங்கள் தொட்டி ஏறக்குறைய 56 லீட்டர், இந்தக் குளிரில் 50 வாட் ஹீட்டர் முக்கும், 100 போட்டிருக்கிறேன். புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்கிற பக்டீரியா வளர நாலு முதல் ஆறு வாரம் வேண்டும், அதனால் அன்றே பன்னிரண்டை விட்டது குளிர் இல்லாவிட்டாலும் கொலைதான். ஹீட்டர் வேண்டாம், கரண்ட் பில் கட்டுப்படியாகாது என்றால் வைட் கிளவுட் என்று ஒரு சின்ன மீன் இருக்கிறது, சீனத்து மலை ஓடை மீன், 14 முதல் 22 வரை தாங்கும், அதுவும் கூட்டமாகத்தான் திரியும். எங்கள் ஊருக்கு அதுதான் தோது. அந்தக் கடையிலேயே ஒரு மூலையில் கிடந்தது, விலை குறைவு என்பதால் காட்டவில்லை போலும்.

மிஞ்சின மூன்றும் இப்போது சாப்பிடுகின்றன. ஆனால் குறைந்தது ஆறு மீனாவது சேர்ந்து இல்லாவிட்டால் இந்த மீனுக்குப் பயம் தெளியாது, நாள் முழுக்க ஃபில்டருக்குப் பின்னால்தான். தொட்டியில் அந்தப் பக்டீரியா வளரட்டும், இன்னும் மீன் வாங்குவதை மாசி கழிந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். மகன் தினமும் காலையில் தெர்மோமீட்டரைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறான்.