கேஸ் இணைப்பு: ஒப்படைப்பதா, வைத்துக்கொள்வதா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறிய வீடுகளில் எழும் கேள்வி இது.

செலவு
ஒப்படைத்தால்: அன்று கட்டிய டெபாசிட் மட்டும் திரும்பும், வட்டி கிடையாது. மறுபடி சேர இன்றைய டெபாசிட்டைக் கட்ட வேண்டும், அது 14.2 கிலோ சிலிண்டருக்கு 2022 ஜூனிலேயே 2,200 ரூபாய் ஆகிவிட்டது.
வைத்திருந்தால்: டியூப் மாற்றுவதைத் தவிர வேறு செலவில்லை.

அலைச்சல்
ஒப்படைத்தால்: சந்தா வவுச்சர் (இணைப்பு வாங்கியபோது தந்த சீட்டு), சிலிண்டர், ரெகுலேட்டர் மூன்றையும் ஏஜென்சியில் கொடுத்து, இணைப்பை ஒப்படைத்ததற்கான சீட்டான டெர்மினேஷன் வவுச்சரைக் கையோடு வாங்குங்கள். சந்தா வவுச்சர் தொலைந்திருந்தால் உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள்.
வைத்திருந்தால்: 5 வருடத்துக்கு ஒருமுறை ரப்பர் டியூபை மாற்ற வேண்டும்.

பாதுகாப்பு
இதில்தான் கவனம் தேவை. பூட்டிக் கிடக்கும் வீட்டில் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் கெட்டால் கேஸ் கசியும். அது காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தேங்கும். மாதக்கணக்கில் கழித்துக் கதவைத் திறப்பவர் ஸ்விட்சைப் போட்டால் போதும், தீப்பிடிக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, நைலான் கயிற்றோடு தொங்கும் மூடியை வால்வில் அழுத்திப் பூட்டி, சிலிண்டரைக் காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் திறக்கும் வீட்டுக்கு ஒப்படைப்பதே சரி. குடியிருந்து சமைப்பவர்கள் ஒரு சிலிண்டரை வைத்துக்கொள்ளலாம். இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுக்க வழியுண்டு. மீதி ஒன்று தேவைப்படும், ஏனென்றால் பித்தளை உருளி இண்டக்‌ஷனில் சூடேறாது.