ஐவஸா, ஓசிடியா: டர்பன் கேத் லேபுக்கு எது முதலில்?

இதயக் குழாய் அடைப்பைக் கத்தீட்டர் வழியே சரிசெய்யும் கேத் லேபில் குழாயின் உள்ளிருந்து படமெடுக்க இரண்டு வழி: ஐவஸ் ஒலியால், ஓசிடி ஒளியால். ஒரு கன்சோலுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் ஐவஸையே வாங்குங்கள். டர்பனில் மேசைக்கு வருகிறவர்களைப் பார்த்தாலே காரணம் விளங்கும். இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து நம் ஆட்கள். இளவயதிலேயே அடைப்பு, கூடவே பல வருடச் சர்க்கரை, கிரியாட்டினின் ஏறிய சிறுநீரகம். கத்தீட்டரைப் பின்னிழுத்துப் படமெடுக்கும் ஓசிடி இழுப்பு ஒவ்வொன்றும் இரத்தத்தை விலக்க 12 முதல் 16 மில்லி காண்ட்ராஸ்ட் கேட்கும்; சிறுநீரகத்துக்கு ஆகாத எக்ஸ்ரே சாயம் அது. ஸ்டென்டுக்கு முன், பின், பலூனுக்குப் பின் என மூன்று முறை பார்த்தால் ஏறத்தாழ 45 மில்லி. ஐவஸுக்கு ஒரு சொட்டும் வேண்டாம்.

லெஃப்ட் மெயின் (இதயத்தின் இடப்பக்க முதன்மைக் குழாய்) வாயிலும் ஐவஸ்தான். கைடு (கத்தீட்டரை உள்ளே கொண்டுசெல்லும் வெளிக்குழாய்) அங்கேயே உட்கார்ந்திருப்பதால் ஓசிடியில் இரத்தம் முழுதாக விலகாது. ஐவஸில் கைடை அயோர்டாவுக்குள் சற்றுப் பின்வாங்கிவிட்டு எடுக்கலாம். பின்வாங்க மறந்தால் கைடின் உள்விட்டத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

கால்சியம் என்று வந்தால் கதை வேறு. ஒலி கால்சியத்தில் மோதித் திரும்பிவிடும். குழாயைச் சுற்றி எத்தனை பாகை என்று தெரியும், எவ்வளவு தடிமன் என்று தெரியாது. ஓசிடியின் ஒளி ஊடுருவுவதால் தடிமனும் கிடைக்கும். 180 பாகைக்கு மேல், 0.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளம்: மூன்றும் சேர்ந்தால் ஸ்டென்ட் விரியாமல் நிற்கும் வாய்ப்பு அதிகம். முதலில் லித்தோட்ரிப்ஸியோ (அதிர்வலை) ரோட்டாவோ (சுழலும் துரப்பணம்) செய்து கால்சியத்தை உடையுங்கள். வேகத்திலும் ஓசிடி முந்தும்: 75 மில்லிமீட்டரை 2 விநாடியில் முடிக்கிறது. விநாடிக்கு 1 மில்லிமீட்டர் ஓடும் ஐவஸுக்கு 75 விநாடி.

படம் கெடுவது பெரும்பாலும் நம் கையால்தான். சுழலும் ஐவஸ் கத்தீட்டரை உள்ளே விடுமுன் சலைன் அடித்துக் காற்றை முழுதாக வெளியேற்ற வேண்டும். குமிழி நின்றால் படம் மங்கும். ஒய் கனெக்டரை (கத்தீட்டர் நுழையும் வால்வு) இறுக்கினாலும், குழாய் வளைந்து நெளிந்திருந்தாலும் சுழற்சி தடுமாறிப் படம் ஒரு பக்கம் இழுபடும். சுழலாத 20 மெகாஹெர்ட்ஸ் ஈகிள் ஐ ஐவஸ் கத்தீட்டரில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆனால் படம் சொரசொரப்பு, ரிங்டவுனையும் (கத்தீட்டரை ஒட்டித் தெரியும் வெள்ளை வளையம்) முதலில் நீக்கியாக வேண்டும். டிராகன்ஃப்ளை என்ற ஓசிடி கத்தீட்டரில் உறைக்குள் இரத்தம் புகுந்து படம் மங்கினால் காண்ட்ராஸ்டால் மறுபடி பர்ஜ் (உள்ளே கழுவுவது) செய்யுங்கள். எதுவானாலும் இழுப்புக்கு முன் குழாயைத் தளர்த்த 100–200 மைக்ரோகிராம் நைட்ரோகிளிசரின். இறுகிய குழாயை அளந்தால் சின்ன ஸ்டென்ட்தான் தேர்வாகும்.

ஸ்டென்டுக்குப் பின் உள்பரப்பு ஐவஸில் 5.5, ஓசிடியில் 4.5 சதுர மில்லிமீட்டரைத் தாண்டட்டும். லெஃப்ட் மெயினுக்கு 8. சின்னக் குழாயில் இந்த எண்ணைத் துரத்தினால் குழாய் கிழியும்; அங்கே அருகிலுள்ள நல்ல பகுதியின் அளவே வழிகாட்டி. ஓசிடி சின்னக் குறையையும் துல்லியமாகக் காட்டித் திருத்த ஆசை காட்டும். சுவரிலிருந்து 0.4 மில்லிமீட்டருக்குள் விலகிய ஸ்டென்ட் கம்பியை அப்படியே விட்டுவிடுங்கள்.

கத்தீட்டர் ஒருமுறைதான் பயன்படும். மெடிக்கல் எய்டுக்கு (மருத்துவக் காப்பீடு) எழுதும் முன்அனுமதிக் கடிதத்தில் ஸ்டென்டோடு நிறுத்தாமல் இதைத் தனி வரியில் கேளுங்கள். லெஃப்ட் மெயின், கிளைப்பிரிவு, நீண்ட அடைப்பு போன்ற சிக்கலான இடங்களுக்கு 2024 ஐரோப்பிய வழிகாட்டி இந்த உள்படமெடுப்பை முதல் வகுப்பில் (உறுதியான பரிந்துரை) வைத்திருப்பதையும், 2023 ரெனோவேட் ஆய்வில் இதைப் பார்த்துச் செய்தவர்களுக்குச் சிக்கல் 12.3 சதவீதத்திலிருந்து 7.7 ஆகக் குறைந்ததையும் அந்த வரிக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.