வீட்டு சர்வர்களுக்குப் பெயர் வைத்தோம், ரவுட்டர் ஒத்துழைக்கவில்லை

பழுதான ரவுட்டரை இணைய நிறுவனத்தார் மாற்றிக் கொடுத்ததிலிருந்து, வீட்டில் பாதிச் சாதனங்களுக்கு வீட்டு சர்வரில் ஓடும் ஜெல்லிஃபின் என்ற வீடியோ சேவையின் பெயர் தெரியவில்லை. இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர், தம் வீட்டிலும் எண் முகவரிகளுக்குப் பதிலாக, வீட்டுக்குள் மட்டும் செல்லும் உள்ளூர் டொமைன் பெயர்கள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.

பெயர் வைப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில், பெயருக்குரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வராகப் பை-ஹோல் என்ற மென்பொருள் ஓடுகிறது. அதில் பெயரையும் ஐபி முகவரியையும் எழுதிச் சேமித்தால் வேலை முடிந்தது. ஒவ்வொரு சேவைக்கும் 8096, 8123 என்று போர்ட் எண்களை வீட்டிலுள்ளவர்கள் மனப்பாடம் செய்த காலம், பெயரைப் பார்த்துச் சரியான சேவைக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி மேனேஜரையும் சேர்த்த அன்றே போயிற்று. டாட் லோக்கல் என்ற பின்னொட்டை 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தர ஆவணம், டிஎன்எஸ் சர்வர் இல்லாமலே சாதனங்கள் ஒன்றையொன்று பெயரால் கண்டுகொள்ளும் எம்டிஎன்எஸ் முறைக்கென ஒதுக்கிவிட்டதால், 2018-இல் வீட்டு வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஹோம்.ஆர்பா என்ற பின்னொட்டை எடுத்துக்கொண்டேன். அதற்கு லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் கிடைக்காது என்பது உண்மைதான். பிரவுசரில் பூட்டுக்குறி வேண்டுவோர் சொந்த டொமைன் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

என் பொறுமையைச் சோதிப்பது, இணைய முகவரிகளின் புதிய முறையான ஐபிவி6. சாதனங்களுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி வழியாகப் பை-ஹோலின் முகவரியை மட்டுமே கொடுக்கும்படி அமைத்திருந்தாலும், ரவுட்டர் தன் ஐபிவி6 அறிவிப்பில் தன்னையே டிஎன்எஸ் சர்வராகச் சொல்லிக்கொள்கிறது. கைபேசி இரண்டு முகவரிகளையும் வாங்கி வைத்துக்கொண்டு, தனக்குத் தோன்றியதிடம் கேட்கிறது. ரவுட்டருக்கோ நான் வைத்த பெயர்கள் தெரியாது. ஆகவே ஒரே அறையில் டிவியில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கையிலிருக்கும் போன் அப்படியொரு பெயரே இல்லை என்கிறது. வைஃபையை அணைத்துப் போட்டால் சில சமயம் சரியாகிறது, சில சமயம் ஆவதில்லை. பழைய ரவுட்டரில் அந்த அறிவிப்பை மாற்ற ஓர் இடமாவது இருந்தது. புதியதில் அந்தப் பக்கத்தையே வாடிக்கையாளர் கண்ணில் படாமல் மறைத்துவிட்டார்கள். மாதந்தோறும் பணம் கட்டுகிற வீட்டுக்காரருக்குத் தன் வீட்டுச் சாதனங்கள் யாரிடம் பெயர் கேட்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை இல்லையென்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஐபிவி6-ஐயே அணைத்துவிடலாமே என்பார்கள். பழைய முறையான ஐபிவி4-இன் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தரும் இணைப்பு என்னுடையது. அதனால் வெளியிலிருந்து வீட்டு சர்வரை நேரடியாக எட்ட எனக்கிருக்கும் ஒரே வழி ஐபிவி6தான். இரண்டாவது டிஎன்எஸ்ஸாகக் கூகுளின் 8.8.8.8-ஐப் போட்டு வைப்பதும் உதவாது, ஏனெனில் பல சாதனங்கள் அதை அவசரத்துக்கான மாற்றாகக் கருதாமல் முதலாவதற்குச் சமமாகவே நடத்துகின்றன. நியாயமாகச் சொன்னால் இதில் பை-ஹோலின் பிழை எதுவுமில்லை. கேள்வி தன்னிடம் வந்தபோதெல்லாம் அது சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது.

இருந்தும் நண்பருக்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம் என்பதே. நிறுவனம் தந்த ரவுட்டரை வைத்துக்கொண்டு இதில் இறங்காதீர்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளை ஏற்றக்கூடிய ரவுட்டர் ஒன்றை முதலில் வாங்குங்கள், அதில் ஐபிவி6 அறிவிப்பில் எந்த டிஎன்எஸ் போக வேண்டும் என்பதை நாமே எழுதிக்கொள்ளலாம். நானும் அப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.