ஆர்டி 350: பாயிண்ட்டையே வைத்துக்கொள்வதா, எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறுவதா?

ராஜ்தூத் 350-ஐ (யமஹா ஆர்டி 350-இன் இந்திய வடிவம், இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் பைக்) வீட்டில் பிரித்துக் கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். சிலிண்டர் போரிங் முடிந்திருக்கும், கிராங்க் கட்டி வந்திருக்கும், டேங்குக்குப் பெயின்ட் அடித்தாகியிருக்கும். இடது பக்க மூடியைத் திறந்தால் இரண்டு ஜோடி பாயிண்ட், அதாவது கிராங்க் சுற்றச்சுற்றத் திறந்து மூடி பிளக்கில் பொறி வரவைக்கும் சுவிட்ச்கள், பல்லைக் காட்டும். சுத்தம் செய்து ஓட்டலாமா, கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் கிட் போடலாமா?

இன்றைக்குப் பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். நான் முதல் கட்சி. எலக்ட்ரானிக் மோசம் என்பதற்காக அல்ல. வீட்டில் கட்டிய பழைய டூ ஸ்ட்ரோக்குக்கு, அதுவும் முதல் இரண்டு மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு, பாயிண்ட்தான் நல்லது என்பது என் கணிப்பு. காரணம் கீழே வருகிறது.

முதலில் இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். யமஹா ஆர்டி 350 வெளிநாடுகளில் 1973-இல் வந்தது. எஸ்கார்ட்ஸ் இங்கே 1983-இல் அதை ராஜ்தூத் பெயரில் கொண்டுவந்தபோது முன் டிஸ்க் பிரேக் போய் டிரம் வந்தது, பவரையும் குறைத்தார்கள். இக்னிஷன் அமைப்பு மாறவில்லை. 12 வோல்ட் பேட்டரி, வோல்ட்டை உயர்த்திப் பிளக்குக்கு அனுப்பும் இரண்டு காயில், இரண்டு பாயிண்ட், பாயிண்ட் முனை எரியாமல் காக்கும் இரண்டு கண்டென்சர், அவ்வளவுதான். வேகம் கூடக்கூட ஸ்பார்க்கை முன்கூட்டி வரவைக்கும், அதாவது அட்வான்ஸ் செய்யும் எடைக்கற்கள் கிடையாது. ஐடிலிலும் சரி, ஏழாயிரம் ஆர்பிஎம்மிலும் சரி, டைமிங் ஒன்றேதான்: பிஸ்டன் உச்சிக்கு வர 2.0 மி.மீ. இருக்கும்போது ஸ்பார்க். இந்தக் கிராங்கின் 54 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு அது சுமார் 20 டிகிரி. அந்த இடத்தில் 0.2 மி.மீ. பிசகினால் ஒரு டிகிரி பிசகும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

எலக்ட்ரானிக்கில் மூன்று வகை உண்டு. பாயிண்ட்டை அப்படியே விட்டுவிட்டு அதற்கும் காயிலுக்கும் நடுவே டிரான்சிஸ்டர் பெட்டி வைப்பது ஒன்று. பாயிண்ட்டைத் தூக்கிவிட்டு, கிராங்க் சுற்றுவதை உணரும் காந்த பிக்கப் வைத்து, பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுப்பது இரண்டாவது. மின்சாரம் தயாரிக்கும் பழைய ஆல்டர்னேட்டரையே கழற்றிவிட்டு, சிறிய ரோட்டரோடு (சுற்றும் பகுதி) பேட்டரி தேவைப்படாத சிடிஐ, அதாவது கப்பாசிட்டர் வழியாகப் பொறி தரும் இக்னிஷன், பூட்டுவது மூன்றாவது.

எலக்ட்ரானிக்கின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே: தேய்மானம் இல்லை, இரண்டு சிலிண்டருக்கும் ஒரே டைமிங், குளிர்ந்த எஞ்சின் சீக்கிரம் பிடிக்கும். அட்வான்ஸ் கர்வ் உள்ள, அதாவது வேகத்துக்கேற்ப டைமிங்கை மாற்றும் கிட்டில் கிக்கர் திருப்பி அடிப்பதும் குறையும். இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. ஆனால் வழக்கமாகச் சொல்லும் அர்த்தத்தில் அல்ல. "பாயிண்ட்டை 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கணும்" என்பதைக் குறையாகச் சொல்கிறார்கள். என் பார்வையில் அதுதான் அதன் பெரிய பயன். அந்த மூடியைத் திறக்கும்போது பாயிண்ட்டோடு வேறு மூன்று விஷயங்களும் கண்ணில் படும்.

முதலாவது இடது கிராங்க் ஆயில் சீல். இந்த எஞ்சினில் வலது பக்கம் கியர் ஆயில், இடது பக்கம் காய்ந்த அறை. வலது சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை தள்ளும், தெருவே சொல்லிவிடும். இடது சீல் போனால் புகை வராது. கிராங்க் அறை அந்த வழியாகக் காற்றை உறிஞ்சும், கலவை மெலியும், அந்தப் பக்கத்துப் பிஸ்டன் சூடேறி ஒருநாள் சீஸ் ஆகும் (சிலிண்டரில் இறுகி நின்றுவிடும்). அதற்கு முன்னால் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை, ஆல்டர்னேட்டரின் அசையாத பகுதியான ஸ்டேட்டரைச் சுற்றிப் படியும் கறுத்த பிசுபிசுப்பு. விரலால் தொட்டு முகர்ந்தால் டூ டி ஆயில் வாசனை வரும். பாயிண்ட்டுக்காக மூடியைத் திறக்கிறவர் இதைப் பார்த்துவிடுவார். கிட் போட்டு மூடியவர் அடுத்த வருடம்தான் திறப்பார்.

இரண்டாவது, கிராங்க் பேரிங். பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கும் கேம் கிராங்கின் நுனியிலேயே இருக்கிறது. பேரிங்கில் ஆட்டம் இருந்தால் கேமும் ஆடும், கேப் (பாயிண்ட் திறக்கும் இடைவெளி) நிலையாக நிற்காது. காலையில் 0.35 மி.மீ. வைத்தீர்கள், மாலையில் 0.30 காட்டுகிறது என்றால் பாயிண்ட்டைத் திட்டாதீர்கள், கிராங்கைச் சந்தேகியுங்கள். கிராங்க் கட்டித் தந்தவர் அலைன்மென்ட் சரியாகப் பார்த்தாரா என்பதை வீட்டில் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

மூன்றாவது சார்ஜிங், அதுதான் முக்கியம். இந்த ஆல்டர்னேட்டரின் ரோட்டரில் நிரந்தரக் காந்தம் கிடையாது. இரண்டு கார்பன் பிரஷ் வழியாக மின்சாரம் கொடுத்தால்தான் காந்தமாகும். பிரஷ் தேய்ந்தால் சார்ஜ் விழும். பேட்டரியோ 5.5 ஆம்பியர்-அவர்தான். காயில் ஒவ்வொன்றும் சுமார் 4 ஓம், அதாவது பாயிண்ட் மூடியிருக்கும்போது தலைக்கு 3 ஆம்பியர். எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் காயில் சுட்டுக் கொதிக்கும், பேட்டரியும் பாதி இறங்கியிருக்கும். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தருவது சொற்பம். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஊரில், ஹெட்லைட் போட்டு ஓட்டினால், பேட்டரி மெல்ல மெல்லக் காலியாகும்.

இந்த நிலையில் இரண்டும் எப்படி நடந்துகொள்கின்றன? பாயிண்ட் என்றால், பேட்டரி இறங்க இறங்க ஸ்பார்க் குறையும், மிஸ் அடிக்கும், ஆனாலும் வீடு வந்து சேரலாம். டைமிங் மாறாது. பேட்டரியில் ஓடும் எலக்ட்ரானிக் பெட்டிகள் பல, 10-11 வோல்ட்டுக்குக் கீழே போனதும் தடுமாறும். சில நின்றுவிடும். பழைய வடிவமைப்புகள் சிலவற்றில் டைமிங்கே தாறுமாறாக அலையும், அது டூ ஸ்ட்ரோக்குக்கு ஆகாது. ஆக, கிட் போடுவதற்கு முன் சார்ஜிங்கைச் சரிசெய்தே ஆகவேண்டும். பேட்டரி டெர்மினலில் மீட்டரை வைத்து 3,000 ஆர்பிஎம்மில் 14 முதல் 14.5 வோல்ட் வரவேண்டும். வராவிட்டால் முதலில் பிரஷ், பிறகு ரெகுலேட்டர், பிறகு எர்த். இதைச் செய்து முடித்தவர்களில் பாதிப்பேருக்கு, பாயிண்ட்டின் மேல் போட்ட பழியே தவறு என்று புரியும்.

பாயிண்ட் தேய்ந்தால் பிஸ்டன் ஓட்டையாகும் என்ற பயமும் உண்டு. முழு உண்மை அதுவல்ல. கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேய்ந்தால் கேப் குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்வாங்கும். வண்டி மந்தமாகும், சைலன்சர் சூடாகும், பிஸ்டன் ஓட்டையாகாது. பாயிண்ட்டின் தொடும் முனை எரிந்து தேய்ந்தால்தான் கேப் கூடி டைமிங் முந்தும். நல்ல கண்டென்சர் இருக்கும்வரை முனையைவிடக் குதிகால் வேகமாகத் தேயும். ஓட்டை விழுந்த பிஸ்டன்களில் பெரும்பாலும் குற்றவாளி கண்ணளவில் வைத்த டைமிங், அல்லது இறுக்காமல் விட்ட தட்டு ஸ்க்ரூ.

ஆகவே டைமிங்கை, பிஸ்டன் நகர்வை முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்துத்தான் பார்க்கவேண்டும். இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். முதலில் கேப்: பாயிண்ட் முழுதாகத் திறந்த நிலையில் 0.35 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிப் போகவேண்டும், அனுமதி 0.30 முதல் 0.40 வரை. பிறகுதான் டைமிங், வரிசையை மாற்றினால் இரண்டும் கெடும். பிளக் ஓட்டையில் டயல் கேஜைப் பூட்டி உச்சியில் பூஜ்யம் வையுங்கள். கிராங்கைப் பின்னால் 3 மி.மீ. வரை திருப்பி, அங்கிருந்து எஞ்சின் சுற்றும் திசையில் மெதுவாக 2.0-க்குக் கொண்டுவாருங்கள். பின்னோக்கிச் சுற்றியபடியே அளவெடுத்தால் ஆட்டம் கணக்கில் சேர்ந்துவிடும். பாயிண்ட் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவே 12 வோல்ட் 3 வாட் பல்பு; சாவி ஆன். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு அணைந்திருக்கும், திறந்த கணத்தில் எரியும். அந்தக் கணம் 2.0-இல் விழவேண்டும். முதலில் பெரிய அடித்தட்டோடு நகரும் ஜோடி, அதன்பிறகு தனித் தட்டில் உள்ள ஜோடி. இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் 0.1 மி.மீ.-க்குள் இருந்தால், முன்சொன்ன கணக்குப்படி, அரை டிகிரிதான். கேஜ் வாங்கிவிட்டால் அரைமணி நேர வேலை. ஸ்க்ரூவை இறுக்கியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள், இறுக்கும்போது தட்டு கொஞ்சம் நகரும்.

பாயிண்ட் முனையை எமரி தாளால் தேய்க்கவேண்டாம், துகள் உள்ளே ஒட்டிக்கொள்ளும். பாயிண்ட் அரம் போட்டு, பெட்ரோலில் நனைத்த கெட்டிக் காகிதத்தை நடுவே விட்டு இழுத்தால் போதும். பிறகு பாயிண்ட் மூடிய நிலையில், சாவி ஆனில், டெர்மினலுக்கும் எர்த்துக்கும் வோல்ட் பாருங்கள். 0.2-க்கு மேல் காட்டினால் முனை இன்னும் அழுக்கு, அல்லது எர்த் சரியில்லை. கேமைத் துடைக்கும் ஃபெல்ட்டில் இரண்டு துளி ஆயில். அதற்கு மேல் விட்டால் அது தெறித்து முனைக்குப் போகும்.

பாயிண்ட்டின் உண்மையான பலவீனம் இப்போது கிடைக்கும் கண்டென்சர்கள். சூட்டில் சீக்கிரம் போகின்றன. பாயிண்ட்டில் நீலப்பொறி பறந்தால் அதுதான் அடையாளம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ராப்பிலீன் ஃபிலிம் கப்பாசிட்டர் வாங்கி, எஞ்சினை விட்டுத் தள்ளி காயில் பக்கம் பூட்டினால் இந்தத் தலைவலி தீரும். சில மெக்கானிக்குகள் ஃபேன் கப்பாசிட்டரை மாட்டுகிறார்கள். அது பத்து மடங்கு பெரியது, முனையைச் சீக்கிரம் குழியாக்கிவிடும். போடவேண்டாம்.

எலக்ட்ரானிக் போட்டே தீருவேன் என்பவருக்கு முதல் வகை (டிரான்சிஸ்டர் பெட்டி) நல்ல நடுவழி. பாயிண்ட் வழியே போகும் மின்சாரம் ஒரு சிறு பங்காகக் குறைவதால் முனை எரியாது. பெட்டி போனால் ஒயரைப் பழைய இடத்தில் மாட்டி ஓட்டலாம். குதிகால் தேய்மானம் மட்டும் அப்படியே இருக்கும். இரண்டாம் வகைக்கு (காந்த பிக்கப்) 5 கிலோஓம் ரெசிஸ்டர் உள்ள பிளக் மூடி கட்டாயம், பழைய மூடியை வைத்தால் மின் இரைச்சல் பிக்கப்பைக் குழப்பும். காயிலின் ஓம் கிட்டோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பாயிண்ட்டுக்கு 4 ஓமுக்குக் கீழே உள்ள காயிலை மாட்டுவதும் அதேபோலத் தப்பு, முனை கருகும்.

மூன்றாம் வகை (சிடிஐ) பேட்டரித் தொல்லையை ஒரேயடியாக ஒழிக்கிறது, ரேஸுக்கு அதுதான் சரி. தெரு வண்டிக்குத் தயக்கம் இருக்கிறது: ரோட்டர் இலகுவாவதால் ஐடில் நடுங்கும், ஹெட்லைட்டுக்குக் கிடைக்கும் வாட் குறையலாம். பல ஆண்டு தினசரி ஓட்டத்தில் அது எப்படித் தாங்கும் என்பதில் என் அனுபவம் குறைவு, அதனால் தீர்ப்பு சொல்லவில்லை.

தினமும் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டுபவர், சீலும் பேரிங்கும் புதிதாக மாற்றியவர், சார்ஜிங் 14 வோல்ட் காட்டுபவர், இவர்கள் இரண்டாம் வகைக்குப் போகலாம், நான் தடுக்கமாட்டேன். அப்படிப் போனாலும் பழைய பாயிண்ட் தட்டை கேம், கண்டென்சரோடு அப்படியே கழற்றி, ஆயில் காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஹார்னஸில் (வண்டியின் ஒயர் கட்டு) ஒயரை வெட்டாதீர்கள், காயில் பக்கத்து கனெக்டரில் பிரித்து எடுங்கள். நல்ல பழைய தட்டு இப்போது கிடைப்பது அரிது, விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.